பழம்படகின் புதுவாழ்வு

புதிய பொருளொன்றை ஆக்குதல் ஒருவகைத் திறம். பழுதுற்ற பழம்பொருளைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படச் செய்தல் வேறொருவகைத் திறம். முன்னதற்குக் கற்பனை வேண்டும்; பின்னதற்கு அதனோடு பொறுமையும் வேண்டும். புதுவீடு கட்டுவோன் தன் விருப்பம்போல் சுவர் எழுப்பலாம். பழைய வீட்டைப் புதுப்பிப்போனோ, முன்பு கட்டியவன் கருத்து யாதென அறிந்த பின்னரே ஒரு செங்கல்லையும் அசைக்க வேண்டும். பழைய படகைப் புதுப்பிப்போனுக்கு இப்பொறுப்பு இன்னும் பெரிது. வீட்டில் ஒரு சிறு பிழை நேர்ந்தால் கூரை ஒழுகும். படகில் ஒரு சிறு பிழை நேர்ந்தால் உயிருக்கே கேடு வரும். ஆகவே பழம்படகு ஒன்று புத்துயிர் பெறும் வரலாறு, மரத்தையும் இரும்பையும் பற்றிய செய்தி மட்டுமன்று; மனிதரின் நேர்மையைப் பற்றிய செய்தியும் ஆகும்.

புதுச்சேரி நகரின் வடபால் உள்ளது கருவடிக்குப்பம். அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் வங்கக் கடலைக் காணலாம். நகரைக் கடந்து தெற்கே சென்றால் அரியாங்குப்பத்தாறும் சுண்ணாம்பாறும் கடலோடு கலக்கும் கழிமுகப் பகுதியை அடையலாம். அரியாங்குப்பத்தாற்றின் கரையிலேதான் அரிக்கமேடு என்னும் பழந்துறை இருந்தது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கே நிலத்தை அகழ்ந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரோமப் பேரரசோடு இவ்வூர் வாணிகம் நடத்தியதை உலகிற்கு உணர்த்தினார். சாடிகளும் மணிகளும் மட்கலங்களும் மண்ணினுள் தங்கிவிட்டன. ஆனால் அவற்றைச் சுமந்துவந்த கலங்கள் எங்கே? மரம் மண்ணைப் போல் நிலைப்பதன்று. பேணுவார் கைவிட்ட அன்றே படகு அழியத் தொடங்குகிறது. சுண்ணாம்பாற்றில் இன்று உல்லாசப் படகில் செல்வோர் இவ்வுண்மையை நினைவிற் கொள்வது நன்று.

தமிழில் நீரில் செல்லும் ஊர்திகளுக்கு எத்தனை பெயர்கள்! கலம், வங்கம், நாவாய், அம்பி, ஓடம், தோணி, பரிசல், கட்டுமரம், வள்ளம் என அவை விரியும். படகின் அடிமரத்திற்கு ஏரா என்றும், திசை திருப்பும் கருவிக்குச் சுக்கான் என்றும், மரக்கலம் கட்டும் தச்சருக்கு ஓடாவி என்றும் பெயர்கள் உண்டு. பலகைகளின் இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் திணித்து நீர் புகாமல் அடைப்பதைக் கலப்பற்று என்பர். இங்ஙனம் படகின் ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனிப்பெயர் இருப்பதே, படகைப் பேணும் கலை இந்நாட்டில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

அக்கலையின் உயிருள்ள சான்றைக் காண மேலைக் கடற்கரைக்குச் செல்லவேண்டும். புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குட்பட்ட மாகி அக்கரையிலேதான் உள்ளது. அதற்கும் தெற்கே, ஆலப்புழையைச் சூழ்ந்த காயல்களில் கெட்டுவள்ளம் என்னும் பெரும்படகுகள் மிதக்கின்றன. கெட்டு என்பது கட்டு என்னும் தமிழ்ச் சொல்லின் உடன்பிறப்பே. இப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல. தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அயினி என்று தமிழிலும் ஆஞ்ஞிலி என்று மலையாளத்திலும் வழங்கும் மரத்தின் பலகைகளில் துளையிட்டு, நாரை இடைவைத்து, கயிற்றால் இறுகத் தைத்து, முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெயை மேலே பூசுவர். இரும்பு நீரில் துருப்பிடிக்கும். தேங்காய் நாரோ நீரில் ஊற ஊற இறுகும். இவ்வுண்மையை அறிந்தே முன்னோர் ஆணியை ஒதுக்கினர் போலும்.

குட்டநாட்டு நெல்லையும் அரிசியையும் கொச்சித் துறைக்குக் கொண்டுசென்றவை இக்கெட்டுவள்ளங்களே. முப்பது டன் வரை பாரம் ஏற்றக்கூடிய படகுகளும் அவற்றுள் இருந்தன. துடுப்பும் கழையும் பாயுமே அவற்றைச் செலுத்தின. பின்னர்ப் பாலங்கள் எழுந்தன, சாலைகள் பெருகின, லாரிகள் வந்தன. மூன்று நாட்களில் படகு சென்ற தொலைவை லாரி சில மணி நேரத்தில் கடந்தது. படகுகள் கரையோரங்களில் கட்டுண்டு கிடந்தன. கயிறுகள் இற்றன, கூரைகள் சரிந்தன. ஓடாவிகளின் பிள்ளைகள் வேறு தொழில் தேடினர்.

1990களின் தொடக்கத்தில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. பாபு வர்கீஸ் என்னும் சுற்றுலாத் தொழில்முனைவர், நெல் சுமந்த வள்ளத்தில் மனிதர் தங்கிப் பயணம் செய்தால் என்ன என்று எண்ணினார். பழைய வள்ளத்தின் மேல் மூங்கிலும் ஓலையும் கொண்டு கூரை வேய்ந்து, படுக்கையறையும் சமையலறையும் அமைத்தனர். கைவிடப்பட்ட சுமைப்படகு படகுவீடாயிற்று. அதைக் காணப் பிற நாட்டாரும் வந்தனர். கயிறு தைக்கும் கைகளுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. அழிந்தொழியும் நிலையிலிருந்த ஒரு கலை, புதிய பயன் ஒன்றைக் கண்டதனால் பிழைத்தது. பழம்பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பது ஒரு வழி. அதற்கு ஒரு வேலை கொடுத்துக் காப்பது மற்றொரு வழி. படகிற்கு ஏற்றது இரண்டாம் வழியே.

ஆனால் புதிய பயன் புதிய இடரையும் உடன் கொணரும். நெல் சுமந்த வள்ளத்தில் இயந்திரம் இல்லை, எரிபொருள் இல்லை, மின்கம்பியும் இல்லை. படகுவீட்டில் இவை மூன்றும் உண்டு. மரமும் மூங்கிலும் ஓலையும் எளிதில் தீப்பற்றுவன. 2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வேம்பநாட்டுக் காயலில், பாதிராமணல் தீவிற்கு அருகே ஒரு படகுவீடு தீப்பற்றி எரிந்தது. அதில் சென்றோர் நல்வினையால் காப்பாற்றப்பட்டனர். சுற்றிலும் நீர் நிறைந்திருக்க, நடுவே நெருப்பிற்கு அஞ்ச வேண்டிய நிலை விந்தையானதே. படகைப் புதுப்பிப்போர் மரவேலையோடு மின்வேலையையும் கற்கவேண்டியதன் காரணம் இதுவே.

உலகின் பல நாடுகளில் இவ்வேலையைத் தொழிலாகக் கொள்ளாது விருப்பத்தினாலேயே செய்வோர் உளர். ஆசிரியராகவோ எழுத்தராகவோ கடைக்காரராகவோ இருக்கும் ஒருவர், ஆற்றங்கரையில் பழுதுற்றுக் கிடக்கும் படகொன்றைக் குறைந்த விலைக்கு வாங்குகிறார். ஓய்வு நாட்களெல்லாம் அதனோடு கழிகின்றன. நண்பர் சிலர் நகைப்பர். வீட்டார் சிலர் செலவைக் கணக்கிட்டு வருந்துவர். அவர் கையில் இருப்பது ஒரு சிறு சுத்தியும் கூரிய ஊசியுமே. சுத்தியால் பலகையைத் தட்டிப் பார்க்கிறார். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயம் தோன்றிய இடத்தில் ஊசியால் குத்திப் பார்க்கிறார். வண்ணப்பூச்சு பளபளக்கும் இடத்திலும் உள்ளே மரம் மாவாகி இருத்தல் கூடும். புறத்தோற்றத்தை நம்பாமை அவர் கற்கும் முதற்பாடம்.

அழுகலுக்குக் காரணம் கடல்நீர் அன்று, பெரும்பாலும் மழைநீரே. உப்புநீர் மரத்தைத் தின்னும் பூஞ்சணத்தைத் தடுக்கும். நன்னீரோ அதை வளர்க்கும். மேல்தட்டில் உள்ள சிறு வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கி, காற்றுப் புகாத மூலையில் தங்கி, ஆண்டுகள் பல கடந்த பின் அடிச்சட்டத்தை அழித்துவிடும். ஆகவே அழுகிய துண்டை வெட்டி எறிந்து புதுத்துண்டு பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. நீர் எவ்வழியே வந்தது என்று தேடி அவ்வழியை அடைத்தல் வேண்டும்; காற்றுச் செல்ல வழியும் விடல் வேண்டும். நோயைத் தணித்தல் வேறு. நோயின் முதலைக் களைதல் வேறு அன்றோ?

மரத்தை அடுத்து உலோகத்தைப் பேணல் வேண்டும். இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. மரக்கப்பல்களின் அடிப்புறத்தில் கடற்புழுக்கள் துளையிடாதபடி ஆங்கிலேயக் கடற்படையினர் செப்புத்தகடு வேய்ந்தனர். கடல்நீரில் செம்பு மெல்ல அரிந்தது. அதைத் தடுக்கும் வழியை அறிவியலறிஞர் ஹம்ப்ரி டேவி 1824ஆம் ஆண்டில் வெளியிட்டார். செம்போடு இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வைத்தால், கடல்நீரில் அச்சிறு துண்டு தான் கரைந்து செம்பைக் காக்கும் என்பதே அவர் கண்ட உண்மை. கடற்படையினர் அவ்வாறே செய்தனர். செம்பு அரியவில்லை. ஆயினும் கப்பல்கள் விரைவில் மந்தமாகிவிட்டன. காரணம் யாது? சிறிது சிறிதாகக் கரைந்த செம்பே கடற்சிப்பிகளும் பாசியும் ஒட்டாதபடி தடுத்து வந்தது. செம்பு கரையாமற் போகவே, அவை கப்பலின் அடியில் அப்பிக்கொண்டன. சில ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது. ஆனால் டேவி கண்ட உண்மை வீணாகவில்லை. இக்காலத்துப் படகுகளின் இரும்பு உடலிலும் சுழல்விசிறியின் அருகிலும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். அவை தாம் தேய்ந்து பிறவற்றைக் காக்கின்றன. தேய்ந்தபின் மாற்றுவதற்கென்றே அமைந்தவை அவை.

இனி மின்கம்பியின் செய்தி. பழம்படகின் மின்னமைப்பு, பல கைகள் பல காலத்தில் செய்த வேலைகளின் குவியலாகவே பெரும்பாலும் இருக்கும். ஒருவர் விளக்குக்காக ஒரு கம்பி இழுத்திருப்பார். மற்றொருவர் அதிலிருந்தே நீரிறைக்கும் பொறிக்குக் கிளை பிரித்திருப்பார். வேறொருவர் பழுதான கம்பியை எடுக்காமலே புதியதை அதன் பக்கத்தில் ஓட்டியிருப்பார். எக்கம்பி எங்கே செல்கிறது என்று கூற எவரும் இரார். இந்நிலையில் கத்தரிக்கோலை எடுப்பவன் அறிவிலி. அறிவுடையோன் முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவான். அடுத்து ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுப்பான். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டி, முழு அமைப்பையும் வரைந்த பின்னரே முதற்கம்பியை அகற்றுவான். வரைபடம் முடியும்வரை வேலை எதுவும் நடக்காததுபோல் தோன்றும். உண்மையில் வேலையின் பாதி அப்போதே முடிந்துவிடுகிறது.

படகின் மின்னமைப்பு வீட்டின் மின்னமைப்பினின்று வேறுபடுவது. வீட்டில் மின்னழுத்தம் ஏறத்தாழ 240 வோல்ட். சிறுபடகில் பெரும்பாலும் 12 வோல்ட். குறைந்த அழுத்தமாதலின் இடர் இல்லை என்று கருதுவது பிழை. 60 வாட் விளக்கு ஒன்று வீட்டில் எரியும்போது, 60ஐ 240ஆல் வகுக்க, கால் ஆம்பியர் மின்னோட்டமே செல்கிறது. அதே ஆற்றலுள்ள விளக்கு 12 வோல்ட்டில் எரியவேண்டுமாயின், 60ஐ 12ஆல் வகுக்க, 5 ஆம்பியர் செல்லவேண்டும். மின்னோட்டம் இருபது மடங்கு ஆகிறது. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றலோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் ஒரே கம்பியில் அது நானூறு மடங்கு ஆகிறது! கம்பியின் தடை ஓம் அலகில் ஐந்தில் ஒரு பங்கே எனக் கொண்டாலும், படகில் 1 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். பன்னிரண்டில் ஒன்று போனால் விளக்கு மங்கும். வீட்டிலோ அதே தடையில் ஒரு வோல்ட்டின் இருபதில் ஒரு பங்கே குறையும். எவரும் அதை உணரார். படகிற்குத் தடித்த கம்பி வேண்டுவது இதனாலேயே. குறைந்த ஆற்றலில் ஒளிதரும் எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் இச்சுமை பெரிதும் குறைந்துள்ளது.

கம்பி தடித்ததாக இருந்தால் மட்டும் போதாது. படகு எப்போதும் அசைவது. இயந்திரம் ஓடுகையில் அதிர்வது. ஒற்றைக் கம்பி வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும். பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பியே அசைவைத் தாங்கும். கெட்டுவள்ளத்தைத் தைக்கும் கயிற்றின் வலிமையும் பல நார்கள் ஒன்றுபட்டதால் வந்ததே. மேலும் உப்புக்காற்றுப் பட்டால் செம்பு பச்சைக் களிம்பேறிக் கெடும். வீடுகளில் பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவது புளிப்புப் பட்டுக் களிம்பேறாமைக்கே. கடற்காற்றில் செல்லும் படகிற்கும் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியையே தேர்ந்தெடுக்கின்றனர். அடுக்களை அறிவும் படகறிவும் ஓரிடத்தில் கூடுவதை இங்கே காணலாம்.

மின்கலத்தையும் எரிபொருளையும் வைக்கும் இடத்திலும் விழிப்பு வேண்டும். காரீய மின்கலத்தில் மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். அது காற்றினும் இலேசானது, மேலே எழும். பெட்ரோலின் ஆவியோ காற்றினும் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும். ஒன்றிற்கு மேலே வழி வேண்டும். மற்றொன்றைக் கீழிருந்து வெளியேற்றல் வேண்டும். தளர்ந்த இணைப்பொன்றில் எழும் சிறு பொறி இவற்றுள் எதனைத் தொட்டாலும் படகு வெடிக்கும். ஆதலின் இயந்திரத்தை இயக்குமுன் அடிப்பள்ளத்தின் காற்றை விசிறியால் வெளியேற்றுவது நல்ல மாலுமியின் வழக்கம்.

இவை அனைத்திற்கும் காவலாக இருப்பது உருகுகம்பி. பியூஸ் என்று மக்கள் வழங்குவது இதனையே. மின்னோட்டம் அளவு கடந்தால் அது தான் உருகி வழியைத் துண்டிக்கும். இதனை மின்கலத்தின் அருகிலேயே அமைத்தல் வேண்டும். தொலைவில் அமைத்தால் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை. அடிக்கடி உருகுகிறதே என்று சினந்து, அதன் இடத்தில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவோர் உண்டு. எச்சரித்த நண்பனின் வாயை அடைத்துவிட்டு அமைதி வந்தது என மகிழ்வதற்கு அது நிகராகும். துத்தநாகம் கரைந்து உலோகத்தைக் காக்கிறது. உருகுகம்பி உருகிப் படகைக் காக்கிறது. தன்னை இழந்து பிறரைக் காக்கும் இச்சிறு பொருள்கள் பலகைக்கும் திரைக்கும் பின்னே மறைந்துள்ளன. படகைப் பார்க்க வருவோர் புதிய வண்ணத்தைப் புகழ்வர். உருகுகம்பியைப் புகழ்வார் எவரும் இலர்.

புகழ் கருதாமல் செய்த இவ்வகை வேலை என்ன பயன் தரும் என்பதற்கு, சார்லஸ் லைட்டாலர் என்பவரின் படகு சிறந்த சான்று. லைட்டாலர் 1874ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையிலேயே கடல் வாழ்வை மேற்கொண்டவர். பனிப்பாறையில் மோதி, 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் அவர் இரண்டாம் அதிகாரி. பிழைத்த அதிகாரிகளுள் உயர்ந்த பதவியினர் அவரே. அன்றிரவு கவிழ்ந்து மிதந்த ஓர் உயிர்ப்படகின் முதுகில் ஏறத்தாழ முப்பது பேர் நின்றிருந்தனர். அலை எழுந்தபோதெல்லாம் இடப்புறமும் வலப்புறமும் ஒருங்கே சாயும்படி அவர்களை ஏவி, பொழுது புலரும்வரை அப்படகு நிலைகுலையாமல் காத்தார் லைட்டாலர்.

அதே 1912ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படைக்காக ஒரு சிறு நீராவிப் படகு கட்டப்பட்டது. பல ஆண்டுகள் உழைத்தபின் அது கழித்து விடப்பட்டது. கப்பற்பணியை விட்டிருந்த லைட்டாலர் 1929ஆம் ஆண்டில் அதன் வெற்றுடலைக் கண்டு விலைக்கு வாங்கினார். நீராவிப் பொறி இருந்த இடத்தில் எண்ணெயால் இயங்கும் இயந்திரம் வந்தது, உடல் நீட்டப்பட்டது, தங்கும் அறைகள் எழுந்தன. ஏறத்தாழ 58 அடி நீளமுள்ள உல்லாசப் படகாக 1930ஆம் ஆண்டில் அது மீண்டும் நீரில் இறங்கியது. லைட்டாலரின் மனைவி சில்வியா ஆஸ்திரேலிய நாட்டினர். அவர் அதற்குச் சண்டௌனர் என்று பெயரிட்டார். பகலெல்லாம் நடந்து, பொழுது சாயும் வேளையில் தங்குமிடம் நாடி வரும் வழிப்போக்கனை அந்நாட்டார் அப்பெயரால் அழைப்பர். பத்தாண்டுகள் அக்குடும்பத்தார் அப்படகில் ஆறுகளிலும் கடலோரங்களிலும் உலவினர். அதன் ஒவ்வொரு பலகையும், சுக்கானின் ஒவ்வோர் அசைவும் லைட்டாலருக்குப் பழகிப்போயின.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நேசநாட்டுப் படைகள் பிரான்சு நாட்டின் டன்கர்க் கடற்கரையில் பகைவரால் வளைக்கப்பட்டன. பெருங்கப்பல்கள் அணுக இயலாத ஆழமற்ற கரை அது. ஆகவே ஆற்றுப்படகுகளையும் மீன்பிடிப் படகுகளையும் கடற்படையினர் திரட்டினர். சண்டௌனரையும் ஒப்படைக்குமாறு லைட்டாலருக்கு ஆணை வந்தது. அப்போது அவருக்கு அகவை 66. படகைத் தருவதாயின் அதைச் செலுத்தும் பொறுப்பும் தமக்கே என்று அவர் கூறிவிட்டார். மூத்த மகன் ரோஜரும், ஜெரால்டு ஆஷ்கிராப்டு என்னும் இளைஞனான கடற்சாரணனும் உடன் சென்றனர்.

சூன் முதல் நாள் காலையில் ராம்ஸ்கேட் துறையிலிருந்து அவர்கள் புறப்பட்டனர். வழியில் தீப்பற்றி எரிந்த வெஸ்டர்லி என்னும் படகிலிருந்தோரை முதலில் காப்பாற்றினர். வானிலிருந்து பகைவரின் விமானங்கள் பாய்ந்து தாக்கின. லைட்டாலரின் இளைய மகன் பிரையன் விமானப்படையில் விமானியாக இருந்தவன். போர் தொடங்கியவுடனே நிகழ்ந்த முதல் தாக்குதலில் உயிர் நீத்தவன். விமானம் எங்ஙனம் பாயும், அதனின்று தப்புவது எவ்வாறு என்று அவன் தந்தையோடு முன்பு உரையாடியதுண்டு. அன்று கடல்நடுவே அச்சொற்கள் தந்தைக்குத் துணையாயின. விமானம் குறிவைத்துப் பாயும் இறுதி நொடிவரை பொறுத்திருந்து, சுக்கானை முழுவதும் திருப்புவார். குண்டுகள் படகின் பக்கத்தே நீரில் வீழும். சுக்கான் திரும்பியவுடன் படகு எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பதை ஐயமற அறிந்தவரன்றி வேறு எவர் அங்ஙனம் பொறுத்திருக்க இயலும்?

சண்டௌனர் அதற்குமுன் ஒரே சமயத்தில் 21 பேருக்கு மேல் ஏற்றியதில்லை. அன்று ஏறத்தாழ 130 பேரைச் சுமந்தது. அறைகளிலும் மேல்தட்டிலும் இயந்திரத்தின் அருகிலும் வீரர்கள் நெருங்கிக் கிடந்தனர். கனம் ஒருபுறம் சாய்ந்தால் படகு கவிழும். டைட்டானிக் மூழ்கிய இரவில் கற்ற பாடம் லைட்டாலருக்கு நினைவிருந்திருக்கும். வீரர்களை அசையாது படுக்கச் செய்து, பெருங்கப்பல்கள் எழுப்பிய அலைகளைக் கடந்து, அன்றிரவே ராம்ஸ்கேட் துறையை மீண்டும் அடைந்தார். டன்கர்க்கிலிருந்து மே 26 முதல் சூன் 4 வரை மீட்கப்பட்டோர் தொகை 3,38,226. அவர்களுட் பெரும்பாலோரைக் கொண்டுவந்தவை பெருங்கப்பல்களே. ஆயினும் கரையோரத்து ஆழமற்ற நீரில் வீரரை ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுசேர்த்த சிறுபடகுகள் இன்றேல் அத்தொகை பெரிதும் குறைந்திருக்கும்.

சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1929ஆம் ஆண்டில் அப்படகின் வெற்றுடல் விறகுக்கு உடைக்கப்பட்டிருக்கலாம். புதுப்பித்தோர் மேலே வண்ணம் பூசி, உள்ளே உளுத்த பலகையை மறைத்துவிட்டிருக்கலாம். உல்லாசப் பயணத்திற்குத்தானே என்று இயந்திரத்தின் ஓர் இணைப்பை இறுக்காமல் விட்டிருக்கலாம். ஆற்றில் அக்குறை வெளிப்பட்டிராது. குண்டுமழையில், அளவிற்கு ஆறு மடங்கு பாரத்தோடு, கடல்நடுவே வெளிப்பட்டிருக்கும். பலகையை இணைத்த தச்சருக்கும் இயந்திரத்தைப் பொருத்திய தொழிலாளருக்கும் பத்தாண்டுக்குப் பின் வரவிருந்த அந்நாளைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாமலே அவர்கள் அந்நாளுக்கு வேண்டிய வேலையைச் செய்து வைத்திருந்தனர்.

போர் முடிந்தபின் லைட்டாலர் லண்டனுக்கு அருகே தேம்ஸ் ஆற்றங்கரையில் படகு கட்டும் சிறு பணிமனையொன்றை நடத்தினார். மூத்த மகன் ரோஜரையும் போரின் இறுதி ஆண்டில் இழந்திருந்தார். 1952ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். சண்டௌனரைப் பிற்காலத்தில் ராம்ஸ்கேட் கடல்சார் அருங்காட்சியகத்தார் பெற்றுப் பேணினர். 1965ஆம் ஆண்டில், டன்கர்க் மீட்பின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், எஞ்சிய சிறுபடகுகள் பல மீண்டும் அக்கரைக்குச் சென்றுவந்தன. அதன் பயனாக அப்படகுகளின் உரிமையாளர்க்கென ஒரு சங்கமும் தோன்றியது. அவற்றைப் பேணுவோர் செல்வர் மட்டும் அல்லர். தம் ஓய்வு நாட்களில் ஊசியும் சுத்தியும் கம்பியும் கையுமாகப் படகின் அடிப்பள்ளத்தில் முழங்காலிட்டுப் பணிபுரியும் எளியோரும் அவர்களுள் உளர்.

ஆலப்புழைக் காயலில் கயிறு தைக்கும் தொழிலாளியும், தேம்ஸ் ஆற்றங்கரையில் மின்கம்பி பொருத்தும் ஆர்வலரும் ஒருவரையொருவர் அறியார். மொழி வேறு, நாடு வேறு, படகும் வேறு. எனினும் இருவரும் செய்வது ஒரே வேலை. நீர்மட்டத்திற்குக் கீழே, பலகைக்குப் பின்னே, எவர் கண்ணும் படாத இடத்தில், ஒரு முடிச்சை இறுக முடிகின்றனர். ஓர் இணைப்பை இறுகத் திருகுகின்றனர். பாராட்டும் கண் அங்கே இல்லை. குறைகூறும் நாவும் இல்லை. செய்வோன் மனமே அங்குச் சான்று. ஒருவன் செய்யும் வேலையின் தரம் அத்தகைய இடத்திலேதான் வெளிப்படுகிறது. படகிற்கு மட்டுமன்று, பாலத்திற்கும், பள்ளிக் கட்டடத்திற்கும், மருந்து கலக்கும் கைக்கும், கணக்கு எழுதும் கைக்கும் இது பொருந்தும். மறைவிடத்தில் ஒழுங்காக முடியப்பட்ட முடிச்சு, முடிந்தவன் அறியாத ஒரு நாளில், அவன் காணாத மனிதரைக் கரை சேர்க்கும்.